உடுக்குறி: மரபுநோய்ப் பட்டியல் ஒன்றின் கதை

1919ஆம் ஆண்டு அமெரிக்காவில் கடற்படை அதிகாரிகளின் பரம்பரையைப் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் சார்லஸ் டேவன்போர்ட். சாமானியர் அல்லர், ஹார்வர்டில் பயின்ற விலங்கியலாளர், நியூயார்க்கிற்கு அருகில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்னுமிடத்தில் இருந்த ஆய்வு நிலையத்தின் தலைவர், அந்நாட்டு அறிவியலாளர்களிடையே மதிப்பு மிக்கவர். அந்நூலில் அவர் சொன்னது இது: கடலின்மீது கொள்ளும் தீராத காதல் ஒரு மரபுக்கூறு, அது தந்தையிடமிருந்தும் தாய்வழிப் பாட்டனிடமிருந்தும் இன்னின்ன விதிப்படி இறங்குகிறது, ஆண்களிடத்தில் மட்டுமே தோன்றுவதால் அது பாலினக் குரோமோசோமைச் சார்ந்த ஒடுங்குபண்பாக இருக்கவேண்டும். அக்காலத்துக் கடற்படையில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்ப்பதில்லை என்பது அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை.

இன்று படிக்கும்போது நகைப்பு வருகிறது. ஆனால் அதே நிலையத்தோடு இணைந்து 1910இல் தொடங்கிய அலுவலகமொன்று குடும்பம் குடும்பமாகச் சென்று, பெட்டி பெட்டியாக அட்டைகளில் குறிப்பெடுத்தது. 'மந்தபுத்தி', 'ஊர்சுற்றும் குணம்', 'வறுமை' யாவும் கண்ணின் நிறத்தைப்போல் வழிவழியாக வருவன என்று அவ்வட்டைகள் சொல்லின. 1927இல் வர்ஜீனியா மாநிலத்துக் கேரி பக் என்னும் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவர், அவருடைய தாய், கைக்குழந்தையான மகள் என மூன்று தலைமுறையும் மந்தபுத்தி என்பதே வாதம். அந்தக் குழந்தை பின்னர்ப் பள்ளியில் நல்ல மாணவியர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டாம் வயதில் நோயுற்று இறந்தாள். அந்நாட்டில் அந்நூற்றாண்டில் அவ்வாறு கருத்தடை செய்யப்பட்டோர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

மரபுநோய் பற்றிய தகவல் பிழையாக இருந்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ணுவோர்க்காக இதை முதலில் வைத்தோம். மற்ற நோய்களைப் பற்றிய பிழை, நோயுற்றவரோடு நின்றுவிடக் கூடும். இதிலோ பிழை குடும்பத்துக்குள் பரவுகிறது. அக்காள் மகனுக்கு வந்தது தங்கைக்குப் பிறக்கும் மகனுக்கும் வருமா, மணம் பேசிய இடத்தில் சொல்லவேண்டுமா, இரண்டாவது குழந்தையை எண்ணிப் பார்க்கலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ஒரு தகவலில் தொங்குகிறது. இன்று அக்கேள்விகளோடு நாம் போய் நிற்குமிடம் பெரும்பாலும் கணினித் திரை. அத்திரையில் எதை நம்புவது என்பதற்கு நூறு அறிவுரைகள் கிடைக்கின்றன. அவற்றைக் காட்டிலும், நம்பத்தக்க ஒரு பட்டியல் எப்படி உருவாயிற்று என்ற வரலாறு நமக்கு அதிகம் சொல்லும் என்று தோன்றுகிறது.

* * *

விக்டர் மெக்கூசிக் 1921இல் மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், பால்பண்ணைக் குடும்பத்தில், இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். இருவரும் அச்சில் வார்த்தாற்போல் ஒத்த இரட்டையர். சகோதரர் வின்சென்ட் சட்டம் பயின்று அம்மாநிலத்தின் தலைமை நீதிபதியானார். விக்டர் பதினைந்து வயதில் அக்குளில் கடும் தொற்று ஏற்பட்டுப் பல வாரங்கள் பாஸ்டன் மருத்துவமனையில் கிடந்தார். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த சல்பா மருந்து அவரைக் காப்பாற்றியது. அந்தப் படுக்கையில்தான் மருத்துவராகும் எண்ணம் பிறந்தது என்பர். பின்னர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று இதயநோய் மருத்துவரானார்.

இதயத்திலிருந்து மரபியலுக்கு அவரை இட்டுச்சென்றது மார்ஃபான் நோய். நெடிய உடல், நீண்ட விரல்கள், கண்வில்லை இடம்பெயர்தல், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி பலமிழந்து விரிதல் ஆகிய இவையெல்லாம் ஒரே குடும்பத்தில், ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைக் கண்ட அவர், உடலின் இணைப்புத்திசுவில் உள்ள ஒரே குறைதான் இத்தனை உறுப்புகளிலும் வெளிப்படுகிறது என்று கருதினார். 1956இல் இவ்வகை நோய்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இங்கே ஒரு சிறு குறிப்பு. அந்நோய்க்குப் பெயர் தந்த பிரெஞ்சு மருத்துவர் மார்ஃபான் 1896இல் விவரித்தது ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை. அவளுக்கு இருந்தது இந்நோய் அன்று, இதனை ஒத்த வேறொன்று என்று பிற்காலத்தவர் பலர் கருதுகின்றனர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மருத்துவ நூல்களில் இத்தகைய வேடிக்கைகள் நிறைய உண்டு.

1962 வாக்கில் இரண்டு எழுத்துகள் அவர் பார்வைக்கு வந்தன. ஒன்று, அமிஷ் மக்களின் சமுதாய வாழ்வு பற்றி ஜான் ஹாஸ்டெட்லர் எழுதிய நூலின் கையெழுத்துப் பிரதி. மற்றொன்று, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் அம்மக்களிடையே மருத்துவம் பார்த்த டேவிட் க்ரூசன் என்ற மருத்துவரைப் பற்றிய ஒரு கட்டுரை. அமிஷ்களிடையே அகோன்ட்ரோபிளேசியா என்ற குட்டையுடல் நோய் மிகுதி என்று க்ரூசன் சொல்லியிருந்தார். அந்நோயோ ஓங்குபண்பாக இறங்குவது. நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் ஒரு சிறு கூட்டத்தில் மிகுதியாக எதிர்பார்க்கவேண்டியவை ஒடுங்குபண்பு நோய்களே, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள பிரதி ஒவ்வொன்று வந்து சேர்ந்தால் மட்டும் தோன்றுபவை. கணக்கு உதைக்கிறதே என்று மெக்கூசிக் நேரில் போய்ப் பார்த்தார்.

அங்கே இருந்தது அகோன்ட்ரோபிளேசியா அன்று. இரண்டு தனித்தனி நோய்கள். ஒன்று, ஆறு விரல்களோடும் சில வேளை இதயக் குறையோடும் வரும் எல்லிஸ்-வான் கிரெவெல்ட் நோய். மற்றொன்று, அதுவரை எவரும் தனியாகப் பிரித்துப் பெயரிடாதது. மென்மையான, அடர்த்தி குறைந்த தலைமுடியோடு வரும் குட்டையுடல் நோய். முதலாவதில் 52 பேரை அவர் குழு கண்டறிந்தது. அதுவரை உலக மருத்துவ இலக்கியம் முழுவதிலும் பதிவாகியிருந்தோர் ஏறத்தாழ அவ்வளவு பேர்தாம். அமிஷ்கள் தம் குலவரலாற்றை நூல்களாக அச்சிட்டு வைத்திருந்தமையால், 52 பேரின் பெற்றோர் வழியையும் 1744இல் அங்கு குடியேறிய சாமுவேல் கிங் என்பவரும் அவர் மனைவியும் வரை கொண்டுபோக முடிந்தது. 1964இல் வெளியான இவ்வாய்வு தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் தென்னிந்தியரான நமக்கும் தூரத்துச் செய்தி அன்று. உறவுமணம் நோயை உண்டாக்குவதில்லை. குடும்பத்தில் முன்பே மறைந்து கிடக்கும் ஒடுங்கிய பிரதிகள் இரண்டும் ஒரே குழந்தையிடம் சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் 'சொந்தத்தில் கட்டினால் ஊனம்' என்று ஒரே வரியில் முடித்துவிடும் பக்கங்களை அப்படியே கடந்துபோவது நலம்.

* * *

பாலினக் குரோமோசோமைச் சார்ந்த பண்புகளின் பட்டியல் ஒன்றை மெக்கூசிக் 1962லேயே வெளியிட்டிருந்தார். அமிஷ் ஆய்வின்போது, புதிதாகக் காணும் ஒரு நோய் உண்மையில் புதிதா அல்லது எவரேனும் முன்பே எழுதியதா என்று சரிபார்க்க ஒடுங்குபண்புகளின் பட்டியல் தேவைப்பட்டது. ஓங்குபண்புகளையும் சேர்த்தால் முழுமையாகிவிடும் என்று அதையும் சேர்த்தார். மூன்று பட்டியல்களும் 1966இல் ஒரே நூலாயின. தலைப்பை நாம் 'மனிதனில் மெண்டலிய மரபுவழி' எனலாம். உள்ளே ஏறத்தாழ 1500 பதிவுகள்.

அந்நூலில் நம்மைக் கவர்ந்தது பதிவுகளின் எண்ணிக்கை அன்று. சில பதிவுகளின் முன்னால் இட்ட சிறு நட்சத்திரம்தான். அந்நோய் இன்ன முறையில் மரபுவழி இறங்குகிறது என்பது ஐயமற நிறுவப்பட்டது என்று ஆசிரியர் கருதினால் மட்டும் அங்கே நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரம் இல்லாதவை, இப்படித்தான் இருக்கலாம் என்ற நிலையில் நிற்பவை. தனக்குத் தெரியாததையும் தன் பக்கத்திலேயே அச்சிட்டுக் காட்டிய மரபியல் பட்டியல் இது. டேவன்போர்ட்டின் அட்டைகளில் இல்லாதிருந்தது இந்த ஒன்றுதான். அங்கே கண்ணின் நிறமும் கடற்காதலும் ஒரே உறுதியோடு எழுதப்பட்டன.

தமிழில் இக்குறியை உடுக்குறி என்கிறோம். உடு என்றால் விண்மீன். பதிப்புத் துறையில் பழகியவர்க்கு இதன் பயன் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையரின் பதிப்புநெறியை நினைத்துக்கொள்ளலாம். ஒரு சுவடியில் கண்டதை அப்படியே ஏற்பதில்லை. பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களை விடாமல் காட்டி, ஐயமுள்ள இடத்தை ஐயமுள்ளதாகவே விடுவது அது. பாடபேதம் தராத பதிப்பு வாசிக்க எளிதாகத்தான் இருக்கிறது. மேற்கோள் காட்டும்போதுதான் கைவிடுகிறது.

மெக்கூசிக்கின் பட்டியல் 1960களின் நடுவிலிருந்தே கணினியில் பேணப்பட்டது. அந்நாளில் நூலொன்றை அவ்வாறு பேணுவது அரிது. ஒவ்வொரு பதிப்புக்கும் புதிதாக அச்சுக் கோக்கவேண்டிய தொல்லை தீர்ந்ததோடு, பதிவு வளர்ந்துகொண்டே இருக்கவும் அது இடமளித்தது. 1987இல் ஹாப்கின்ஸின் வெல்ச் மருத்துவ நூலகமும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகமும் சேர்ந்து இதனை இணையத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்தன. உலகளாவிய வலை என்று நாம் இன்று அறிவது அப்போது பிறக்கவே இல்லை. 1995இல் வலைத்தள வடிவம் வந்தது. ஓமிம் என்ற பெயர் நிலைத்தது. அச்சுநூல் 1998இல் மூன்று தொகுதிகளாகப் பன்னிரண்டாம் பதிப்போடு நின்றுவிட்டது. மெக்கூசிக் 2008 ஜூலையில் மறைந்தார். பட்டியல் இன்றும் ஹாப்கின்ஸில் நாள்தோறும் திருத்தப்படுகிறது. பதிவுகள் 27,000ஐத் தாண்டிவிட்டன.

ஒவ்வொரு பதிவுக்கும் ஆறிலக்க எண் உண்டு. பழைய பதிவுகளில் முதல் இலக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: 1 என்றால் ஓங்குபண்பு, 2 என்றால் ஒடுங்குபண்பு, 3 என்றால் எக்ஸ் குரோமோசோமைச் சார்ந்தது. மார்ஃபான் 154700, எல்லிஸ்-வான் கிரெவெல்ட் 225500, ஹீமோஃபீலியா ஏ 306700. 1994 மே மாதத்துக்குப் பின் சேர்ந்த பதிவுகள் ஓங்கோ ஒடுங்கோ 6 என்றே தொடங்குகின்றன. தொடக்கத்தில் இறங்கும் முறையை உறுதியாகச் சொல்வதில் இருக்கும் ஆபத்து அனுபவத்தில் தெரிந்துவிட்டது போலும். நட்சத்திரத்தின் பொருளும் மாறியது. இப்போது அது ஒரு மரபணுவைக் குறிக்கிறது. மூலக்கூறு அளவில் காரணம் தெரிந்த நோய்க்கு ஒரு குறி, மரபுவழி உறுதியாகியும் காரணம் தெரியாத நோய்க்கு வேறொரு குறி, மரபுவழியே ஐயத்திலிருக்கும் நோய்க்குக் குறியே இல்லை. நீக்கப்பட்ட பதிவுக்கும் ஒரு குறி உண்டு. அதன் எண்ணை வேறு நோய்க்குக் கொடுப்பதில்லை. அந்த எண்ணைத் தேடிச் சென்றால் பதிவு நீக்கப்பட்டது, அல்லது இன்ன எண்ணுக்கு மாற்றப்பட்டது என்ற செய்தி கிடைக்கும்.

* * *

இவ்வளவும் மருத்துவர்க்காக மருத்துவர் எழுதியது. நோயுற்ற குழந்தையின் தாயார் இதைப் படிப்பார் என்று 1966இல் எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். அந்தச் சுவரில் முதலில் கைவைத்தவர்கள் பெற்றோர்களே. அமெரிக்காவில் அரிய நோய்களுக்கு மருந்து தயாரிப்போரை ஊக்குவிக்கும் சட்டம் 1983 ஜனவரியில் நிறைவேறியதற்குப் பின்னால், டூரெட் நோயுற்ற மகனுடைய தாயார் ஏபி மேயர்ஸும் அவரோடு சேர்ந்த குடும்பங்களும் இருந்தனர்.

ஷேரன் டெரி, பேட்ரிக் டெரி தம்பதியர் கதை இன்னும் நம் பொருளுக்கு நெருக்கமானது. 1994 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அவர்களுடைய குழந்தைகள் இருவருக்கும் பிஎக்ஸ்இ என்று சுருக்கமாக வழங்கும் ஒரு மரபுநோய் இருப்பதாக மருத்துவர் சொன்னார். கழுத்துத் தோல் தடிக்கும். நடுவயதில் பார்வையின் மையப்பகுதி பழுதாகலாம். இரத்தநாளங்களில் சுண்ணாம்பு படியும். ஷேரன் சமயவியல் படித்துக் கல்லூரியில் ஆன்மிகப் பணியாற்றியவர். பேட்ரிக் கட்டுமானத் தொழிலில் இருந்தவர். மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குச் சென்று இந்நோய் பற்றி இருந்த கட்டுரைகளை எல்லாம் நகலெடுத்து வந்தனர். அகராதிகளை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தனர். படிக்கப் படிக்க அச்சமே மிகுந்தது.

அந்த அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை நாமும் அறிந்திருக்கவேண்டும். ஆய்விதழ்களில் ஏறுபவை பெரும்பாலும் கடுமையான, வியப்பூட்டும் நேர்வுகளே. அறுபது வயதுவரை கழுத்துச் சுருக்கத்தோடு அமைதியாக வாழ்ந்த ஒருவரை எந்த இதழும் விவரிப்பதில்லை. ஆகவே கட்டுரைகளின் குவியல், நோயின் உண்மை முகத்தைவிடக் கொடிய முகத்தையே காட்டும். ஒவ்வொரு கட்டுரையும் சரியாகவே இருக்கலாம். குவியல் பிழையாக இருக்கும்.

டெரி தம்பதியர் 1995இல் நோயாளர் அமைப்பொன்றைத் தொடங்கினர். ஒரே நோயை ஆராயும் குழுக்கள் தத்தமக்கெனத் தனித்தனியே இரத்தம் கேட்டபோது, நோயாளரின் மாதிரிகளையும் தகவலையும் தாமே ஓரிடத்தில் சேர்த்து, பகிர்ந்துகொள்வோர்க்குத் தந்தனர். ஆய்வகத்தில் இரவு நேரங்களில் மேசை இரவல் வாங்கிச் சோதனையும் செய்தனர். 2000இல் மரபணு அகப்பட்டது. அக்கண்டுபிடிப்புக்கான காப்புரிமையில் ஷேரன் டெரியின் பெயரும் உண்டு. மரபணு அகப்பட்டபின் தெளிவான செய்தி ஒன்று: இந்நோய் சில குடும்பங்களில் ஓங்குபண்பாகவும் சிலவற்றில் ஒடுங்குபண்பாகவும் இறங்குகிறது என்று பழைய நூல்கள் எழுதிவந்தன, உண்மையில் இது ஒடுங்குபண்பே. நோயுள்ள ஒருவருக்கு, 'உம் பிள்ளைகளுள் பாதிப் பேருக்கு வரக்கூடும்' என்று சொல்வதற்கும், 'உம் துணைவரும் சுமப்பவராக இருந்தாலன்றிப் பெரும்பாலும் வராது' என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பார்த்தால், அந்தத் திருத்தத்தின் எடை தெரியும்.

அடுத்த சில ஆண்டுகளில் கதவுகள் திறந்தன. 1997 ஜூனில் மருத்துவக் கட்டுரைச் சுருக்கங்களின் பெருந்தொகுப்பான பப்மெட் எல்லோர்க்கும் இலவசமாயிற்று. அதே ஆண்டில் பிரான்சில் செகோலேன் எய்மே அரிய நோய்களுக்கான ஆர்ஃபாநெட்டைத் தொடங்கினார். அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட்டா பேகன் தலைமையில் ஜீன்ரிவ்யூஸ் என்று பின்னர்ப் பெயர்பெற்ற தொகுப்பு உருவாயிற்று. இந்த மூன்றாவதை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஒரு நோய்க்கு ஓர் இயல். எழுதியவர் யார் என்பது மேலே. முதலில் வெளியான நாளும் கடைசியாகத் திருத்திய நாளும் அடுத்து. பிற வல்லுநர் படித்துப் பார்த்த பின்பே வெளியீடு. குடும்பத்தில் யாரை எந்த வரிசையில் சோதிப்பது என்று தனியாக ஒரு பகுதியும் உண்டு. பொதுவாசகர்க்கென 2003இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் எளிய நடையில் தொடங்கிய தளம் 2020இல் மெட்லைன்பிளஸ் என்பதோடு இணைந்துவிட்டது. இவற்றை முதலில் படித்து ஓமிமுக்குப் பிறகு போவதே நல்லது. ஓமிம் ஒரு நோயின் ஆய்வு வரலாற்றைக் கால வரிசையில் அடுக்குவது. அதன் முதற்பத்தியில் கண்ட கருத்தைப் பத்தாம் பத்தி மறுத்திருக்கலாம்.

நம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்குமுன் கைநிறைய அச்சுத்தாள்களோடு வந்தார். தமிழ் இலக்கியம் படிக்கும் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் ஐயம் போலும் என்று பார்த்தால், அவருடைய அக்காள் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். ஓமிமில் 310200, முதல் இலக்கம் 3. ஒரு தாளில், பிள்ளைக்கு நோய் என்றால் தாய் கட்டாயம் சுமப்பவரே என்றிருந்தது. மற்றொன்று தமிழ்ப் பக்கம். குலதோஷமென்று தொடங்கிப் பொடி ஒன்றின் விலையில் முடிந்தது. இரண்டிலும் எழுதியவர் பெயரும் இல்லை, நாளும் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: 'நானும் சுமக்கிறேனா, ஐயா?' மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாம் மருத்துவர் அல்லோம். ஆனால் நாளும் பெயரும் உள்ள பக்கத்தைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்க முடிந்தது. இந்நோயுள்ளவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அது தாயிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றிய திடீர்மாற்றம். ஆகவே முதலில் சிறுவனிடம் எந்த மாற்றம் என்று காணவேண்டும். அடுத்து அவன் தாயிடம் அது உள்ளதா என்று பார்க்கவேண்டும். பிறகே தாயின் உடன்பிறந்தாள். இந்த வரிசையைப் பெண் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு, மரபியல் ஆலோசனை தரும் மருத்துவரிடம் போனார். முடிவு அவர் குடும்பத்தினுடையது, இங்கே எழுதுவதற்கில்லை.

* * *

2000க்குப் பின் தொல்லை வேறு வடிவில் வந்தது. தகவல் பற்றாக்குறை போய், மிகையாயிற்று. ஒருவரின் மரபணுத்தொகுதியை முழுதும் படித்துவிடுவது எளிதாக, இந்த மாற்றம் இந்த நோய்க்குக் காரணம் என்ற பதிவுகள் தரவுத்தளங்களில் மலைபோல் குவிந்தன. அம்மலையை எடைபோட்டது எக்ஸாக் என்ற தொகுப்பு. 60,706 பேரின் மரபணுக்களில் புரதத்தை ஆக்கும் பகுதிகளைத் திரட்டி அது 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோய்க்குக் காரணமென்று தரவுத்தளங்களில் பதிவான மாற்றங்கள் ஒவ்வொருவரிடமும் சராசரியாக 54 இருந்தன. அத்தனையும் உண்மையானால் உலகில் நடமாட ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். ஐயத்துக்குரிய 192 மாற்றங்களை எடுத்து, மூலக் கட்டுரைகளைத் திரும்பப் படித்துப் பார்த்ததில், நோய்க்குக் காரணம் என்று சொல்லப் போதிய சான்று 9க்கு மட்டுமே இருந்தது. ஒருவர் எழுதியதைச் சரிபாராமல் அடுத்தவர் எடுத்தெழுதினால் பிழையும் கூடவே வரும். ஏடு பெயர்த்து எழுதுவோரின் பிழை எப்படிப் பெருகும் என்பது தமிழ் படித்தவர்க்குப் புதிதன்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் மற்றொரு ஆய்வு. இதயத்தசை தடிக்கும் நோய்க்குக் காரணமென்று சொல்லப்பட்ட சில மாற்றங்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பரவலாக இருப்பவை, தீங்கற்றவை என்று அது காட்டியது. முதலில் ஆராய்ந்தவர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டோர் பெரும்பாலும் வெள்ளையர். அவர்களிடம் இல்லாதது கறுப்பின நோயாளரிடம் இருந்ததால் அதுவே காரணம் என்றாகிவிட்டது. அதன் பேரில் சிலருக்கு 'உமக்கு இந்நோயின் மரபணு உண்டு' என்று அறிக்கையும் போயிருக்கிறது.

இதற்கு மருந்தாக வந்தவற்றுள் ஒன்று, 2013இல் அமெரிக்க அரசின் நிறுவனம் தொடங்கிய கிளின்வார் தரவுத்தளம். அங்கே ஒரு மாற்றத்தின் பொருள் என்ன என்று ஆய்வகங்கள் தத்தம் கருத்தைப் பெயரோடும் நாளோடும் பதிகின்றன. முரண்பட்டால் முரணும் அப்படியே தெரியும். பக்கத்தில் மீண்டும் நட்சத்திரங்கள்! சான்றுமுறை இன்னதென்று சொல்லாத பதிவுக்கு ஒன்றும் இல்லை. வல்லுநர் குழு ஆய்ந்ததற்கு மூன்று. மருத்துவ வழிகாட்டு நெறியாகவே ஏற்கப்பட்டதற்கு நான்கு. தீங்கானது, தீங்கற்றது என்ற இரண்டுக்கும் நடுவில், 'பொருள் உறுதிப்படாதது' என்ற வகையும் உண்டு. அறிக்கையில் இச்சொல்லைக் கண்டு நடுங்குவோர் பலர். அது நோய் உண்டென்று சொல்லவில்லை; இல்லையென்றும் சொல்லவில்லை. அதை வைத்து மருத்துவர்கள் சிகிச்சை முடிவு எடுப்பதில்லை.

இந்த வரலாற்றில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. இதயத்தசையில் உள்ள மயோசின் பிணைப்புப் புரதம் சி என்பதற்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் ஒன்றை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் முதலியோர் விரிவாக ஆராய்ந்து 2009 ஜனவரியில் வெளியிட்டனர். தெற்காசியரிடையே நூற்றில் நால்வர் அளவில் இது இருக்கிறது, இதயம் பலவீனமாகும் வாய்ப்பை இது பல மடங்கு கூட்டுகிறது என்பது அதன் செய்தி. நாளிதழ்கள் பெரிதாக வெளியிட்டன. இந்தியரின் உடலில் மறைந்திருக்கும் இதயநோய் என்ற தொனியில் பல பக்கங்கள் எழுந்தன.

கதை அங்கே நிற்கவில்லை. அமெரிக்காவில் வாழும் தெற்காசிய வழியினரிடம் 2018இல் செய்த ஆய்வு, இந்த விடுபாட்டைச் சுமப்போருள் ஒரு சிறுபகுதியினரிடம் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சேர்ந்திருப்பதையும், இதயச் செயல்பாட்டில் வேறுபாடு அவர்களிடமே தெரிவதையும் கண்டது. 2020இல் வந்த மற்றொரு ஆய்வு, இதயத்தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரை, விடுபாட்டோடு ஒட்டிவரும் அரிதான வேறொரு மாற்றமே ஆபத்துக்கு விளக்கம் என்றும், விடுபாட்டை மட்டும் சுமப்போர் அதனாலேயே அந்நோய்க்கு ஆளாவர் என்று கொள்ளவியலாது என்றும் எழுதியது. 2009இன் ஆய்வாளர்களை இது குறைப்படுத்துவதில்லை. அவர்கள் கதவைத் தட்டியிராவிட்டால், உள்ளே இருந்த மற்றதை எவரும் தேடியிருக்கமாட்டார்கள். நம் மக்களின் மரபணுக்களைப் பெருமளவில் படித்து ஒப்பீட்டுக்கு வைத்தாலன்றி இத்தகைய திருத்தங்கள் விரைந்து வாரா. இந்தியாவில் பல இனக்குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணுத்தொகுதிகள் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டது 2025 ஜனவரியில்தான்.

2010 வாக்கில் இந்தச் சோதனையைச் செய்துகொண்டு, 'உண்டு' என்ற அறிக்கையைப் பீரோவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கக்கூடும். ஆய்வகம் தானாகக் கடிதம் எழுதித் திருத்தம் சொல்வது அரிது. அந்த அறிக்கையை மீண்டும் மருத்துவரிடம் கொண்டுபோய், இன்றைய வகைப்பாடு என்ன என்று கேட்கலாம். கேட்கும்போது நோயின் பெயரைவிடத் தேவையானது அறிக்கையின் நடுவில் உள்ள ஒரு வரி: எந்த மரபணு, எந்த இடம், எந்த எழுத்து மாறியது என்று எண்ணும் எழுத்துமாக இருக்கும். அதையும், அறிக்கையில் உள்ள நாளையும் தனியே எழுதிவைத்துக்கொண்டு போகவேண்டும்.